மருந்து தின்ற மான்

இருமும்போது கன்று முன்கால்களை அகட்டி வைத்துக்கொண்டது. கழுத்து நீண்டு, நாக்கு வெளியே வந்தது. மூன்று முறை இருமிவிட்டு, தொட்டியில் வாய் வைக்காமல் அப்படியே நின்றது. ஹெலியா வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் மூச்சை எண்ணினாள். ஒரு நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு. பனியில் சும்மா நிற்கிற கன்றுக்கு அது இரண்டு மடங்கு.

மந்தை முழுவதும் தின்று முடித்துக் காட்டுக்குள் திரும்பும்வரை அவள் வேலிக்கு இந்தப் பக்கமே காத்திருந்தாள். முப்பத்துநான்கு காட்டெருதுகள். அவற்றில் ஏழு கன்றுகள். பெரிய காளை கடைசியாகப் போனது. போவதற்கு முன் காலித் தொட்டி ஒன்றை முட்டிக் கவிழ்த்துவிட்டுப் போனது. அதன் வழக்கம் அது.

கன்று நின்ற இடத்துக்கு அவள் போனாள். பனியில் சளி உறைந்து கிடந்தது. குச்சியால் கிளறினாள். உள்ளே வெள்ளை நூல் போலப் புழுக்கள், ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். இரண்டு இன்னும் நெளிந்தன. கையுறையைக் கழற்றி, பழைய ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றில் அவற்றை எடுத்துப் போட்டாள். பக்கத்தில் கிடந்த சாணத்தையும் ஒரு பையில் கட்டினாள்.

டிராக்டரை அணைக்காமலே யூஸிக் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, சேமியாவா? சூப்புக்கு ஆகுமா?"

"உன் பொண்டாட்டிகிட்ட கொடு, வச்சுத் தருவா."

"அவ வைக்கிற சூப்புக்கு இது எவ்வளவோ மேல்." அவன் இறங்கி வந்து பாட்டிலைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "போன வருசம் மாதிரியேவா?"

"அதே மாதிரிதான்."

போன குளிர்காலத்தில் ஆறு கன்றுகள் இருந்தன. பிப்ரவரியில் நான்கு செத்தன. மாவட்டக் கால்நடை மருத்துவர் தைஸா வந்து முதல் கன்றின் மூச்சுக்குழலை நீளவாக்கில் அறுத்தபோது ஹெலியாதான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே புழுக்கள் கயிறு திரித்தது போல அடைத்திருந்தன. ஆனால் புழு மருந்து முறைப்படி கொடுக்கப்பட்டதாகக் காகிதம் சொன்னது. மருந்து கொடுத்த பிறகு புழுவால் சாக முடியாது. எனவே அறிக்கையில் "தீவனக் குறைவு" என்று எழுதினார்கள். தீவனம் போடுகிறவள் ஹெலியா. அவளுக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை வந்தது. இரண்டாவது எச்சரிக்கை வந்தால் ஒப்பந்தம் முடிந்தது. காட்டோரத்தில் அவள் குடியிருக்கும் வீடும் வன அலுவலகத்துடையதுதான். இந்தக் குளிர்காலத்தில் கன்று எதுவும் சாகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இந்தத் தடவை மருந்து வந்திருக்குல்ல?" என்றான் யூஸிக். "நானே இறக்கி வச்சேனே. ஆறு மூட்டை."

"கிடங்குல இருக்கு."

"அப்புறம் என்ன?"

ஹெலியா கவிழ்ந்த தொட்டியை நிமிர்த்தினாள்.

நவம்பர் பதினெட்டாம் தேதி தைஸா வந்திருந்தாள். நான்கு காடுகளுக்கு அவள் ஒருத்தி. ஒரு கார். மாதத்துக்கு இத்தனை லிட்டர்தான் என்று பெட்ரோலுக்கு அளவு வேறு. அதனால் எங்கே போனாலும் அந்தக் குளிர்காலத்துக்கான எல்லாச் சான்றுகளையும் ஒரே நாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவாள். வேலை பிறகு நடக்கும். எல்லாக் காட்டிலும் அப்படித்தான் நடந்தது. மருந்து கொடுத்ததற்கு மூன்று பேர் சாட்சி வேண்டும்: மருத்துவர், வேட்டைக் காவலன், தீவனக்காரி.

ஹெலியா அன்று தயங்கினாள். "போன வருசமும் இப்படித்தான் போட்டேன்."

"போன வருசம் மருந்தே வரல. இப்ப வந்திருக்கு, கண்ணால பாருங்க" என்று தைஸா கிடங்குக் கதவைத் திறந்து காட்டினாள். ஆறு மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. "நாளைக்கே கலந்து போட்டுடுங்க. ஒரு நாள்தானே வித்தியாசம். அதுக்காக நான் மறுபடி எண்பது கிலோமீட்டர் வரணுமா?"

மருந்து கண்ணெதிரே இருந்தது. ஹெலியா கையெழுத்துப் போட்டாள். தைஸாவின் கார் போன அரை மணி நேரத்தில் இயக்குநர் ரமான்யூக் கிடங்குச் சாவியை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

காரணம் மூட்டையிலேயே அச்சிட்டிருந்தது. மருந்து தின்ற விலங்கின் இறைச்சியை இருபது நாட்களுக்கு யாரும் உண்ணக் கூடாது. காட்டெருதை யாரும் சுடப்போவதில்லை, அது பாதுகாக்கப்பட்ட இனம். ஆனால் காட்டெருது தின்றுவிட்டுப் போனதும் அதே தொட்டிக்குச் செம்மான்கள் வரும். மான்களைச் சுடத்தான் ஜெர்மனியிலிருந்தும் தலைநகரான மின்ஸ்க்கிலிருந்தும் விருந்தாளிகள் வந்தார்கள். கொம்பை எடுத்துக்கொண்டு போவார்கள். இறைச்சி இங்கேயே தங்கும்.

*

டிசம்பர் முதல் வாரத்தில் ஹெலியா ஊறுகாய்ப் பாட்டிலுடன் இயக்குநரின் அறைக்குப் போனாள். பனி படிந்த பூட்ஸைக் கழற்றச் சொல்லி உதவியாளர் பெண் கேட்டதால், காலுறையோடு உள்ளே போனாள். ஒரு காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது.

ரமான்யூக் பாட்டிலைப் பார்த்துவிட்டு உடனே தள்ளி வைத்தார். "சாப்பிடுற நேரத்துல இதை எதுக்குக் கொண்டு வர்றே?"

"மூணு கன்னு இருமுது. இப்பவே மருந்து போட்டாத்தான் உண்டு. ஜனவரியில போட்டா மூச்சுக்குழல்ல இடமே இருக்காது."

"பன்னண்டாம் தேதி வரைக்கும் விருந்தாளி இருக்காங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஜனவரி பத்து. நடுவுல யாரும் இல்ல. பாக்கலாம்."

"பாக்கலாம்னா, போடலாம்னு அர்த்தமா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்னு அர்த்தம்." அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. களைத்த மனிதனின் சிரிப்பு. "ஹெலியா, காட்டு மிருகம் ஆயிரம் வருசமா மருந்து இல்லாமத்தானே இருந்துச்சு?"

"ஆயிரம் வருசமா ஒரே தொட்டியில முப்பத்துநாலு மாடு தின்னதில்ல. நாமதானே ஒரே எடத்துல கூட்டி வச்சு, அது சாணி போட்ட எடத்துலயே அதைத் திங்க வைக்கிறோம்."

அவர் தொலைபேசியை எடுத்தார். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பன்னிரண்டாம் தேதி ஜெர்மானியர்கள் போனார்கள். இருமும் கன்றுகள் ஐந்தாகியிருந்தன. ஒன்று படுத்தால் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டது. ஹெலியா விரல் விட்டு எண்ணினாள். பதினான்காம் தேதி போட்டால் ஜனவரி பத்துக்கு இருபத்தேழு நாள். ஏழு நாள் மிச்சமே இருக்கிறது. இயக்குநரிடம் இன்னொரு முறை கேட்டாள். "பாக்கலாம்" என்றார்.

கிடங்கில் டிராக்டருக்கான டீசல் பீப்பாய்களும் இருந்தன. அதற்காக யூஸிக்கிடம் இன்னொரு சாவி இருந்தது. அதை அவனும் அவளும் தவிர எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

"மாட்டினா?" என்றான் யூஸிக்.

"மாட்டினா நான்தான் எடுத்தேன். நீ பீப்பாயத்தான் உருட்டிக்கிட்டிருந்தே. எதையும் பாக்கல."

"எனக்கு எப்பவுமே கண்ணு சரியாத் தெரியாதுன்னு என் மாமியாரே சொல்லுவா." அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "அவளைப் பாத்துட்டும் பொண்ணைக் கட்டினேனே."

மூட்டையை அப்படியே கொட்டிவிட்டால் போதாது. புது வாசனை வந்தால் காட்டெருது தொடாது. இரண்டு நாட்கள் முன்னதாகவே ஹெலியா அரைத்த ஓட்ஸில் சர்க்கரைப்பாகைப் பிசைந்து போட்டுப் பழக்கினாள். மூன்றாம் நாள் காலை, விடியுமுன், அதே பாகில் மருந்தைக் கலந்தாள். மண்வெட்டியால் ஏழு முறை புரட்டினாள். எங்காவது கட்டியாக நின்றால் ஒன்று அதிகம் தின்னும், பத்து ஒன்றுமே தின்னாது. வெறுங்கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். குளிரில் விரல்கள் மரத்துப் பாகு ஒட்டிக்கொண்டது.

இருபது தொட்டிகளை அருகருகே வைக்காமல் பதினைந்து அடிக்கு ஒன்றாக, காட்டோரம் முழுக்க நீளமாகப் பரப்பினார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய காளை நடுவில் நின்றுகொண்டு மூன்று தொட்டியைக் காக்கும். வலிமையானது வயிறு புடைக்க மருந்து தின்னும், நோயாளி ஓரத்தில் நிற்கும். கன்றுகளுக்கென்று தனிப் பட்டி இருந்தது. கன்று மட்டும் நுழையும் இடைவெளி விட்டுக் கம்பு நட்டிருந்தது. அங்கே ஹெலியா தன் கையாலேயே அளந்து போட்டாள்.

மந்தை வந்தது. கிழப் பசு முதலில் முகர்ந்து பார்த்தது. தின்னத் தொடங்கியது. ஹெலியா வேலிக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றாள். ஏழு கன்றுகளும் பட்டிக்குள் போயின. படுத்தால் எழ முடியாத கன்று கடைசியாகப் போய், தலையைத் தொட்டிக்குள் விட்டது. வெளியே எடுக்கவே இல்லை.

"தின்னுதுக்கா" என்றான் யூஸிக் மெதுவாக. "என் புள்ளைங்ககூட மருந்தை இப்படித் தின்னதில்ல."

மந்தை போன பிறகு மான்கள் வந்தன. ஹெலியா வாளியைத் தட்டி விரட்டினாள். ஓடிப்போய், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தன. முன்னால் வந்தது பெரிய ஆண் மான். அதன் இடது காது நுனி கிழிந்திருந்தது. அடித்தட்டில் மிச்சமிருந்த பாகை அது நாக்கால் வழித்தது. இருபத்தேழு நாள் இருக்கிறது, தின்னட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

*

நான்கு நாட்கள் கழித்து, காலையில் அலுவலக வளாகத்தில் கறுப்புக் கார் ஒன்று நின்றது. யார் வந்திருப்பது என்று கேட்டதற்கு வேட்டைக் காவலன் கட்டைவிரலால் மேலே காட்டினான். மேலிடத்து ஆள். பட்டியலில் இல்லாதவர். மனைவியின் பிறந்தநாளுக்கு முன்னால் ஒரு கொம்பு வேண்டும் என்று வந்தவர். காலை எட்டரை மணிக்குத் தீவனத் தொட்டிகளுக்கு எதிரே இருந்த பரணிலிருந்து சுட்டார். ஒரே குண்டு.

ஹெலியா போனபோது மான், தோல் உரிக்கும் கொட்டகையில் பின்னங்கால்களில் தொங்கிக்கொண்டிருந்தது. தலையைத் தனியாக வெட்டி மரக்கட்டை மேல் வைத்திருந்தார்கள். அவள் இடது காதைப் பார்த்தாள்.

பூட்ஸைக் கழற்றாமல் அறைக்குள் போனாள். உதவியாளர் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அந்த மானை யாருக்கும் கொடுக்காதீங்க" என்றாள் ஹெலியா. "நாலு நாளைக்கு முன்னாடி மருந்து தின்னுச்சு."

ரமான்யூக் உதவியாளரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "எந்த மருந்து?"

"கிடங்குல இருந்த ஆறு மூட்டை. நான் எடுத்துப் போட்டேன்."

அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கோப்பினை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டி, படித்தார். "'நவம்பர் பதினெட்டு. முப்பத்துநான்கு விலங்குகள். மருந்து ஆறு மூட்டை. முழுவதும் உட்கொள்ளப்பட்டது.' கீழே இருக்கிறது யார் கையெழுத்து, ஹெலேனா பாவ்லவ்னா?"

தந்தை பெயரையும் சேர்த்து அவளை அவர் அழைத்தது இதுவே முதல் முறை.

"என்னோடது."

"அப்ப கிடங்குல எதுவும் இல்ல. இல்லாத மூட்டையை நீங்க எப்படி எடுத்தீங்க?"

"நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் போட்டோம். உங்களுக்கும் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? எனக்குக் காகிதம்தான் தெரியும். காகிதப்படி மருந்து தின்னு ஒரு மாசம் ஆச்சு. இருபது நாள் எப்பவோ முடிஞ்சுது. இறைச்சி சுத்தம்."

"ஆய்வுக்கு அனுப்பிப் பாருங்க."

"எதுக்கு? எந்தச் சந்தேகத்துல?" அவர் மேசையில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு ஹெலியா. நீ இப்ப போட்டேன்னு நான் ஒத்துக்கிட்டா, நவம்பர்ல போடலன்னு ஆகும். தைஸாவுக்கு வேலை போகும். காவலனுக்குப் போகும். உனக்கும் போகும். மூணு குடும்பம்."

"உங்களுக்கு?"

அவர் கோப்பை மூடினார்.

"இறைச்சி எங்க போகுது?" என்றாள்.

"விடுதிப் பள்ளிக்கு. வருசா வருசம் கொடுக்கிறதுதானே." சுவரில் அவர் தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு நன்றிக் கடிதம் மாட்டியிருந்தது. சுற்றிலும் குழந்தைகள் வண்ணப் பென்சிலால் மான் வரைந்திருந்தார்கள்.

"நூத்திருவது புள்ளைங்க!" ஹெலியா தன் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. "மாட்டுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை மாட்டுக்குக் கொடுக்க மாட்டீங்க. கொடுத்தா அதைப் புள்ளைங்களுக்குத் திங்கக் கொடுப்பீங்களா?"

"கதவை மெதுவா சாத்திட்டுப் போங்க, ஹெலேனா பாவ்லவ்னா."

அவள் அறைந்து சாத்தினாள்.

வீட்டுக்குப் போனதும் தைஸாவுக்குப் போன் செய்தாள். பின்னால் ஏதோ பண்ணையில் பன்றிகள் அலறிக்கொண்டிருந்தன. "அக்கா, போன்ல இதெல்லாம் பேசாதீங்க" என்றாள் தைஸா. சற்றுப் பொறுத்து, "கன்னுங்க எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இருமல் கொறைஞ்சிருக்கு."

"மூச்சு?"

"நாப்பது. முப்பத்தாறு."

"நல்லது" என்றாள் தைஸா. "ரொம்ப நல்லது." போனை வைத்துவிட்டாள்.

பள்ளிச் சமையற்காரி ஸோஸ்யா ஹெலியாவோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

"நாளைக்கு மான் வரும். வாங்காதே" என்றாள் ஹெலியா.

"கெட்டுப்போச்சா?"

"கெடல. மருந்து தின்னது. என்னால தின்னது."

"குளிர்பெட்டி ரிப்பேர்னு சொல்லிடறேன்" என்றாள் ஸோஸ்யா. "பொய்கூட இல்லடி. மூணு மாசமா ரிப்பேர்தான்."

*

வண்டி பள்ளிக்குப் போய் இறைச்சியோடு திரும்பி வந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க ரமான்யூக்குக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை.

மருந்தை எடுத்ததற்காக அவளைத் தண்டிக்க முடியாது. அந்த மருந்து நவம்பரிலேயே தீர்ந்துபோனது. அதனால் தீவனப் பதிவேட்டை வரவழைத்தார்கள். டிசம்பர் பன்னிரண்டு முதல் பதினான்கு வரை ஓட்ஸும் சர்க்கரைப்பாகும் அனுமதித்த அளவுக்கு மேல் போயிருந்தன. இரண்டாவது எச்சரிக்கை. ஒப்பந்தம் முடிந்தது. வீட்டைக் காலி செய்ய ஜனவரி பதினைந்து வரை நேரம் கொடுத்தார்கள். குளிர்காலம் என்பதால் கூடுதலாக ஒரு வாரம் சேர்த்ததாக உத்தரவிலேயே குறிப்பிட்டிருந்தது.

டிசம்பர் இருபத்தேழாம் தேதி, வேலையின் கடைசி நாள், அவள் வழக்கம் போல விடியலில் தீவனம் போட்டாள். ஏழு கன்றுகளும் வந்தன. அன்று எதுவும் இருமவில்லை. படுத்தால் எழ முடியாமல் இருந்த கன்று இன்னொன்றைத் தொட்டியிலிருந்து முட்டித் தள்ளியது. ஹெலியா கையெடுத்து விரட்டப்போய், விட்டுவிட்டாள்.

வாளிகளையும் மேலங்கியையும் ஒப்படைக்க அலுவலகத்துக்கு வந்தபோது கிடங்கு ஜன்னலுக்கு முன்னால் வரிசை நின்றிருந்தது. மரம் வெட்டுகிறவர்கள், ஓட்டுநர்கள், துப்புரவுப் பெண்கள், நாற்பது பேர் இருக்கும். எல்லோர் கையிலும் பை. உள்ளே கிடங்குக்காரர் கோடரியால் எதையோ வெட்டிக்கொண்டிருந்தார். உறைந்த எலும்பு உடையும் சத்தம் வந்தது.

"என்ன கொடுக்கிறாங்க?"

வரிசையில் நின்றிருந்த யூஸிக் தரையைப் பார்த்தான். "புத்தாண்டுப் பரிசு. ஆளுக்கு ரெண்டு கிலோ."

"என்ன இறைச்சி?"

அவன் பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"யூஸிக், அது தின்னதை நீ பாத்தவன்டா. என்கூட நின்னு பாத்தவன்."

"நான் எதையும் பாக்கலன்னு நீதானே சொன்னே" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, "திங்கமாட்டேன்க்கா. வாங்கி ஆத்துல போட்டுடுவேன். வாங்கலன்னா மாட்டிப்பேன். வேணாம்ங்கிறவன் ஏன் வேணாம்னு எழுதிக் கொடுக்கணுமாம்" என்றான்.

ஹெலியா வரிசையின் முன்னால் போய் நின்றாள். பள்ளிக் காலத்திலிருந்தே பத்துப் பேருக்கு முன்னால் பேசியவளில்லை. "அந்த மான் ஒம்பது நாளைக்கு முன்னாடி செத்தது. சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி புழு மருந்து தின்னுச்சு. நான்தான் போட்டேன். திங்கக் கூடாதுன்னு மூட்டையிலயே போட்டிருக்கு. வாங்காதீங்க."

யாரும் நகரவில்லை.

"நல்லதாப் போச்சு" என்றான் மரம் வெட்டுகிறவன் ஒருவன். "எங்க வீட்டுல எல்லாருக்கும் வயித்துல பூச்சி. ஒரே சூப்புல போயிடும்."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை.

"காதுல விழுதா இல்லையா உங்களுக்கு?"

"விழுந்துச்சு ஹெலியா" என்றாள் துப்புரவுப் பெண்களில் மூத்தவள். அவள் குரலில் கோபம் இருந்தது, ஹெலியா மேல். "உனக்கு இன்னிக்கோட முடிஞ்சுது. எங்களுக்கு நாளைக்கும் இங்கதான். எங்களைப் பேச வைக்காதே."

ஜன்னலில் உல்யானாவின் முறை வந்தது. அலுவலகத் தரை துடைக்கிற பெண், இருபத்துமூன்று வயது. ஏழாம் மாத வயிற்றுக்கு மேல் கோட்டுப் பொத்தான்கள் போடாமல் திறந்திருந்தன. பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

"நீயாவது வேணாம் உல்யானா. புள்ளத்தாச்சி தொடக்கூடக் கூடாத மருந்துடி அது."

"நல்லா வேகவச்சாப் போயிடும்னு இயக்குநர் ஐயா சொன்னாருக்கா."

"அவரு திங்கிறாரா?"

உல்யானா உதட்டைக் கடித்தாள். "என் ஒப்பந்தம் மார்ச்சுல முடியுது" என்றாள் யாருக்கும் கேட்காத குரலில். "இறைச்சி பாத்து ஒரு மாசம் ஆச்சுக்கா."

ஹெலியா பொட்டலத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். பலம் முழுவதையும் கூட்டி வீசினாள். அது வளாகத்தின் நடுவில் பனியில் விழுந்து, செய்தித்தாள் கிழிந்து, கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. கோடரிச் சத்தம் நின்றது. கிடங்குக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார்.

உல்யானா நடந்து போனாள். குனிய முடியவில்லை. ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மெதுவாக முழங்காலிட்டாள். பொட்டலத்தை எடுத்து, இறைச்சியில் ஒட்டியிருந்த பனியைக் கையுறையால் துடைத்தாள். கிழிந்த காகிதத்தைச் சேர்த்து மடித்து மறுபடி சுற்றினாள். ஒரு கையை ஊன்றி எழுந்து, அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கோடரி மறுபடி விழத் தொடங்கியது. வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.